சைத்தூன் பீவி கழற்றிய பேட்டரி

சைத்தூன் பீவியை ஓட்டை இல்லாத சேலையில் பார்த்தவர்கள் கோவில்பட்டியில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். இடுப்புக்குக் கீழே ஆசிட் தெறித்துத் தெறித்துச் சல்லடையாக இருக்கும். புதுச் சேலை எடுத்தால் ஒரு வாரம் தாங்கும், அவ்வளவுதான். "பெருநாளைக்குன்னு ஒண்ணு மடிச்சு வச்சிருப்பேன் அண்ணாச்சி. அன்னைக்குன்னு பாத்து எவனாவது வண்டி நிக்குதுன்னு வந்து நிப்பான்" என்பாள். எட்டயபுரம் ரோட்டில் அவளுடையது பேட்டரிக் கடை. அதற்கு அடுத்தது என் கடை. என் பெயர் வெயிலுமுத்து, வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறேன். இருபது வருஷமாக அவள் பேட்டரி போடுவாள், நான் வயர் மாட்டுவேன். இப்போது அவளைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். சொல்கிறவன் எவனும் அன்றைக்கு அங்கே இல்லை. நான் இருந்தேன்.

அவளுக்கு வாயைவிடக் கை முந்தும் என்பது பொய்யில்லை. பத்தொன்பது வயதில் குளத்தூரில் உப்பு லாரி ஓட்டுகிற ஒருவனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார் அவளுடைய அத்தா குலாம் ரசூல். நாலு வருஷம் அடி வாங்கினாள். ஐந்தாம் வருஷம் அவன் பெல்ட்டை உருவியபோது, கைக்குக் கிடைத்த ஜாக்கிக் கம்பியால் அவன் மணிக்கட்டை உடைத்துப் போட்டுவிட்டு, உப்பு ஏற்றிய லாரி ஒன்றில் கை காட்டி ஏறி ஊர் வந்து சேர்ந்தாள். குலாம் ரசூல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் கடைக்கு வரச்சொல்லி ஆசிட் ஜாடியைக் கையில் கொடுத்தார்.

அப்போது வீட்டில் ஐந்து வயதில் ஒரு தம்பி, அப்துல் நாசர். அவனைப் பெற்ற ஆறாம் மாதம் அம்மாக்காரி செத்துப்போனாள். அத்தாவும் கொஞ்ச நாளில் போனார். அப்புறம் அவனுக்கு எல்லாமே இவள்தான். அக்காவை அவர்கள் வீட்டில் லாத்தா என்பார்கள். நாசர் நாளுக்கு நூறு லாத்தா போடுவான். இவளும் அவனுக்குக் கறி எடுத்தால் நெஞ்சுக் கறியாகப் பார்த்து எடுப்பாள். ஆனால் அடித்துத்தான் வளர்த்தாள். கணக்கில் தப்பு விட்டால் அடி, பேட்டரி மூடியைத் திறந்து போட்டால் அடி. அடித்துவிட்டு அவளே அழுதுகொண்டு ஊட்டி விடுவாள். "பிள்ளைய இப்பிடிப் போட்டு அடிக்காத பீவி" என்று நான் சொல்லாத நாள் இல்லை. "ஒங்க பிள்ளையவா அடிச்சேன்" என்பாள். எனக்குப் பிள்ளை இல்லை. அந்த வார்த்தைக்காக அவளோடு இரண்டு மாதம் பேசாமல் இருந்திருக்கிறேன்.

வளர்ந்ததும் நாசர் மணிராஜிடம் டிரைவராகப் போனான். மணிராஜ், சோலார் கம்பெனிக்காரர்களுக்கு நிலம் பிடித்துக் கொடுக்கிற புரோக்கர். ஓட்டப்பிடாரத்திலிருந்து நாகலாபுரம் வரை கரிசல் காடெல்லாம் இன்றைக்குக் கண்ணாடிப் பலகையாகக் கிடக்கிறதே, அதில் பாதிக்கு மேல் அவன் பிடித்த நிலம். மனமொத்து விற்றவர்களும் உண்டு. மாட்டேன் என்றவனுக்கு முதலில் வைக்கோல் படப்பு எரியும், அடுத்து மோட்டார் ரூம் எரியும், மூன்றாவது அவன் கையோ காலோ போகும். பயந்து நாலு பேர் கும்பிட ஆரம்பித்ததும் அவனுக்கு ஆசை பெருத்துவிட்டது. கொச்சியிலிருந்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வந்தான். ஜப்பான் வண்டி, சிவப்பு, இரண்டே சீட், மேலே துணிக் கூரை. இருபத்தைந்து வருஷத்து வண்டி. நம் ரோட்டில் அதன் வயிறு உரசாத வேகத்தடை ஒன்று கிடையாது. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டால் ஊர்களில் ஆட்கள் வீட்டுக்குள் போய்விடுவார்கள். அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

போன புரட்டாசி கழிந்து ஒரு வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கு மணிராஜின் ஆள் இசக்கி ஒரு சாக்கைக் கொண்டுவந்து பீவியின் கடை முன்னால் தொப்பென்று போட்டான். உள்ளே வெடித்துப் பிளந்த ஒரு பேட்டரி.

"இது இருந்த எடத்துக்குச் சரியா ஒக்காருத மாதிரி ஒண்ணு வேணும். மதியத்துக்குள்ள" என்றான் இசக்கி. "நாகலாவரம் குடோனுக்கு நீயே கொண்டாந்து மாட்டணும்."

"மணிராஜுக்கு நா யாவாரம் பண்ணுததில்லன்னு தெரியாதா ஒனக்கு? தூக்கிட்டுப் போ அங்கிட்டு."

இசக்கி போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் மேசையில் வைத்தான். மணிராஜின் குரல் வந்தது.

"ஏட்டி பேட்டரிக்காரி, ஒன் தம்பி என் வண்டிய எரிச்சிட்டான். இன்னைக்குச் சாயங்காலம் மெட்ராசுலேருந்து கம்பெனிக்காரங்க வாராங்க. நா அந்த வண்டில போய்த்தான் எறங்கணும். வண்டி ஓடுத வரைக்கும் மணிக்கு ஒரு வெரலு. மொத வெரலு இப்ப."

ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த பருத்திமார்க் குச்சியை ஒடிக்கிற சத்தம். அதற்குப் பிறகு நாசர் கத்தினான். நான் வயரை வாயில் கடித்துக்கொண்டு என் கடை வாசலில் நின்றிருந்தேன். எனக்கு மூத்திரம் வந்துவிட்டது, வெட்கப்பட என்ன இருக்கிறது. பீவி நாற்காலியிலிருந்து எழுந்தாள், இசக்கியின் சட்டையைப் பிடித்தாள், விட்டாள். அவள் ஒருத்தனைப் பிடித்துவிட்டு அடிக்காமல் விட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நடந்தது இதுதான். சிவப்புக் காரின் பேட்டரி முந்தின நாள் செத்துப்போனது. நாசர் அக்காவிடம் வரப் பயந்து, பழைய சாமான் கடையில் ஒரு சின்னக் கார் பேட்டரியை வாங்கி மாட்டியிருக்கிறான். அந்த வண்டியில் பேட்டரி முன்னால் கிடையாது, பின்னால் டிக்கிக்குள் இருக்கிறது. இரண்டு கேபிளுக்கும் உறை போய், இரண்டும் கறுப்பாக இருந்திருக்கின்றன. ஒரு கேபிளின் கிளாம்பில் மட்டும் சிவப்பாக அப்பியிருந்தது. பீவியின் கடையில் பிளஸ் என்றால் சிவப்புப் பெயிண்ட், ஐந்து வயதிலிருந்து அவன் பார்த்தது. அதையே பிளஸ் என்று எடுத்துக்கொண்டான். அது ஆயுத பூஜைக்கு இசக்கி அப்பிய குங்குமம். கிரீஸில் ஒட்டிக் காய்ந்து போயிருந்தது, அதுவும் மைனஸ் கிளாம்பில். பேட்டரியில் பிளஸ் தண்டு பருமன், மைனஸ் தண்டு ஒல்லி. அந்தக் கிளாம்பு பிளஸ்ஸில் இறங்க மறுத்ததே, அப்போதாவது யோசித்திருக்கலாம். ஆனால் தட்டினால் இறங்காத சாமான் எங்கள் ஊரில் ஏது? சுத்தியலால் தட்டி இறக்கிவிட்டான். இன்னொன்றைத் தொட்டதும் பொறி பறந்து, பேட்டரியிலிருந்து கசிந்து டிக்கிக்குள் தேங்கி நின்ற காஸில் தீப்பிடித்து, பேட்டரி வெடித்தது. ஆசிட் அவன் கழுத்தில் அடித்தது. முகம் தப்பியது.

பீவி ஸ்கேலை எடுத்து, பிளந்த பேட்டரியைத் தள்ளிவிட்டு, அதன் கீழே இசக்கி கழற்றிக் கொண்டுவந்திருந்த இரும்புத் தட்டை அளந்தாள். அகலம் பதின்மூன்று சென்டிமீட்டர்தான். நீளம் இருபத்துமூன்று. மேலே அமுக்குகிற பட்டையின் உயரம் இருபதுக்குள். அவள் கடையில் சின்னக் கார் பேட்டரி முப்பது இருந்தது. எல்லாமே இரண்டு விரற்கடை உயரம் கூடுதல். அதைவிடப் பெரிய விஷயம், எதிலும் காஸை வெளியே விடுகிற குழாய் வாய் கிடையாது.

"எதையாவது வச்சுக் கயித்தப் போட்டுக் கட்டிவிடு பீவி. இன்னைக்குப் பொழுது போனாப் போதும்" என்றேன்.

"ஒருக்க வெடிச்சது பத்தாதா? டிக்கிப் பக்கத்துல எவன நிறுத்துவான்? என் தம்பியத்தான் நிறுத்துவான்."

மதுரைக்குப் போன் போட்டாள், திருநெல்வேலிக்குப் போட்டாள், கோயம்புத்தூரில் பழைய கார் வைத்திருக்கிற ஒருவருக்குப் போட்டாள். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். அந்த வண்டிக்கு அளவெடுத்த பேட்டரி சென்னையிலிருந்து வரவேண்டும், நாலு நாள். பதினொரு மணிக்கு இசக்கியின் போன் அடித்தது. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நான் கேட்டேன். நாசர் இந்த முறை கத்தவில்லை, லாத்தா லாத்தா என்று மட்டும் சொன்னான்.

அவள் ஸ்கேலில் பதின்மூன்றின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சட்டென்று என்னைப் பார்த்தாள்.

"இந்த அளவுல ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. சீல் போட்டது. காஸு வராது. நாந்தான் போன வருசம் மாட்டிவிட்டேன்."

"எங்க?"

"சுந்தரேஸ்வரி மதினி சேர்ல."

சுந்தரேஸ்வரி நாகலாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் இருக்கிறவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் மிளகாய்த் தோட்டத்துக்குள் மணிராஜின் ஜேசிபி இறங்கக் கூடாது என்று குறுக்கே படுத்தாள். ஜேசிபிக்காரன் நிறுத்திவிட்டான். பின்னால் வந்த ஜீப் நிற்கவில்லை. இரண்டு கால் எலும்பும் பொடியாகிப்போயிற்று. விபத்து என்று எழுதி மூடினார்கள், ஓட்டியது யார் என்று தெரியவில்லை என்றும் எழுதினார்கள். ஓட்டியது நாசர். நிறுத்தாதலே என்று மணிராஜ் சொன்னான், இவன் நிறுத்தவில்லை. அது தெரிந்த அன்றைக்குப் பீவி அவனை வீட்டை விட்டு விரட்டினாள். சுந்தரேஸ்வரிக்கு அரசாங்க முகாமில் பேட்டரியில் ஓடுகிற சக்கர நாற்காலி கிடைத்தபோது, அதற்கு வேண்டிய வேலையெல்லாம் கூலி வாங்காமல் செய்து கொடுத்தாள். ஏன் என்று மட்டும் அவளிடம் சொன்னதில்லை.

அதே மாதிரி புதுசு வேண்டுமென்றால் ஆர்டர் போட்டுப் பத்து நாள். வேறு வழி இல்லை. நாற்காலி பேட்டரியில் தண்டு கிடையாது, போல்ட் ஓட்டைதான் உண்டு. அதற்குப் பித்தளைத் தண்டு இரண்டு, இரும்புத் தட்டு, மேலே முட்டுக்கொடுக்க ரப்பர் கட்டை எல்லாம் அள்ளிப் போட்டாள். எரிந்துபோன மெயின் ஃபியூஸுக்கு ஒரு பழைய வேனிலிருந்து நான் ஒன்று கழற்றி எடுத்துக்கொண்டேன். என் லோடு ஆட்டோவில் கிளம்பினோம். இசக்கி பைக்கில் முன்னால் போய்விட்டான்.

சுந்தரேஸ்வரி வேப்பமரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்து மிளகாய் வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். பீவியைக் கண்டதும் சிரித்தாள். "வா தாயி. வண்டி நல்லாத்தான் ஓடுது. எதுக்கு இம்புட்டு வெயில்ல?"

பீவி அவள் முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள். சுற்றி வளைத்தெல்லாம் பேசவில்லை.

"மதினி, அன்னைக்கு ஜீப்ப ஓட்டுனது என் தம்பி. இப்ப அந்த மணிராஜே அவன் வெரல ஒண்ணொண்ணா ஒடிச்சிக்கிட்டிருக்கான். ஒங்க பேட்டரிய மாட்டுனா விடுவான். நா கேக்கக்கூடாதுதான். கேக்குதேன்."

சுந்தரேஸ்வரியின் கை வத்தலில் நின்றது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, மரத்தைப் பார்த்தேன். மணி பன்னிரண்டாகப் போகிறதே என்றுதான் எனக்கு.

"யாருன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் அவள். "சக்கரம் ஏறும்போது அவன் மூஞ்சியப் பாத்தேன். அழுதுக்கிட்டே ஏத்துனான். பாவிப்பய." பிறகு சேலையை ஒதுக்கிவிட்டு, "தூக்கி அந்தக் கட்டில்ல போடு என்னைய. கழத்திக்கோ. ஆனா அவன் இங்கன வரணும். எம் மூஞ்சியப் பாத்து, நாந்தான் ஏத்துனேன்னு அவன் வாயால சொல்லணும். கேசுக்குக் கேக்கல. எனக்குக் கேக்குதேன்" என்றாள்.

"அல்லா மேல ஆணை மதினி. இன்னைக்கே கூட்டிட்டு வாரேன்."

நானும் பீவியும் அவளைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினோம். இடுப்புக்குக் கீழே கனமே இல்லை. எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தில் மணிராஜைக் கடித்துத் தின்றிருப்பேன். அந்த ஆத்திரமெல்லாம் குடோன் கேட்டுக்குள் நுழைகிற வரைக்கும்தான் இருந்தது.

குடோனில் பருத்தி மூடை ஒன்றில் நாசரைச் சாத்தி வைத்திருந்தார்கள். கழுத்தில் ஆசிட் பட்ட இடம் வெந்து போயிருந்தது. இடது கையில் மூன்று விரல் மூன்று பக்கம் பார்த்தன. பன்னிரண்டு மணிக்கு அவர்கள் தாமதிக்கவில்லை. பீவி அவனிடம் போனபோது மணிராஜ் அவள் முழங்காலில் உதைத்தான். விழுந்தாள்.

"மொதல்ல வேலை. பெறவு கொஞ்சு."

எழுந்து வேலையைப் பார்த்தாள். அப்படி ஒரு சுத்தமான வேலையை நான் கண்டதில்லை. டிக்கியைச் சோடா உப்புத் தண்ணீரால் கழுவினாள், தட்டைப் போல்ட் போட்டு முறுக்கினாள், பேட்டரி அதில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. குங்குமத்தைத் துடைத்துவிட்டு எது பிளஸ், எது மைனஸ் என்று என்னை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னாள். ஃபியூஸை மாட்டினேன். நட்டு இரண்டு தடவை என் கையிலிருந்து கீழே விழுந்தது. மணிராஜ் சாவியைப் போட்டுத் திருகினான். வண்டி ஒரே இழுப்பில் உறுமியது.

"பலே" என்றான். இறங்கி வந்து நாசரின் தோளில் தட்டினான். "கோவத்துல செஞ்சிட்டேன்லே. வா, இன்னைக்கு நீதான் இந்த வண்டிய ஓட்டுத. ஒத்தக் கையால ஓட்டிருவேல்ல?"

அந்தக் காரை அதுவரை அவன் நாசரைத் தொடவிட்டதில்லை, துடைக்க மட்டும்தான் விடுவான். நாசர் எழுந்தான். முகத்தில் சிரிப்பு வந்தது. நான் பொய் சொல்லவில்லை, அந்தக் கையோடு அவன் சிரித்தான். போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தான்.

"எறங்குலே" என்றாள் பீவி. "ஒரு எடத்துக்குப் போணும். நா சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்."

"நீ போ லாத்தா. நா பெறவு வாரேன்."

"ஏலே, ஒன் கைய ஒடிச்சவன்லே அவன்!"

"நீயுந்தான் அடிச்ச. அடிச்சிட்டுப் பெறவு சோறு போடலையா? முதலாளியும் அப்பிடித்தான். அவியளுக்குக் கோவம் போயிருச்சு."

பீவியின் முகத்தை அந்த நேரம் நான் பார்த்தேன். அவளை அவள் புருஷன் அடித்தபோதுகூட அப்படி ஆகியிருக்காது. நேராக வண்டியின் பின்னால் போனாள். டிக்கி திறந்தேதான் இருந்தது. ஸ்பேனரை எடுத்து கிளாம்பில் போட்டாள்.

ஓடுகிற வண்டியில் பேட்டரியைக் கழற்றக் கூடாது. தொழிலில் முதல் பாடம் அது. எஞ்சின் தருகிற கரண்டுக்குப் போக இடம் இல்லாமல் வண்டியின் கம்ப்யூட்டருக்குள் ஏறி அதை எரித்துவிடும். அவளுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் கழற்றினாள். இசக்கி ஓடிவந்து அவள் முக்காட்டையும் முடியையும் சேர்த்துப் பிடித்து இழுத்தான். திரும்பின வேகத்தில் ஸ்பேனரால் அவன் மூக்கில் ஒன்று வைத்தாள். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான், விரல் இடுக்கில் ரத்தம் கொட்டியது. கிளாம்பைப் பிடுங்கினாள். நாசர் மிதித்துக்கொண்டிருந்த வண்டி ஓர் அலறு அலறி நின்றது. கருகல் வாடை வந்தது. பேட்டரியைத் தூக்கி என் நெஞ்சில் வைத்தாள்.

"போங்க அண்ணாச்சி. மதினிக்குப் போய்ச் சேரணும் இது."

நான் போனேன். ஓடினேன் என்பதே சரி. கேட்டுக்கு வெளியே ஆட்டோவில் பேட்டரியை வைத்தேன். அவளும் வந்துவிட்டாள், ஒரு கால் ஆட்டோவில் ஏறிவிட்டது. யாரும் எங்களைத் தடுக்கவில்லை. மணிராஜுக்கு எங்கள் நினைப்பே இல்லை. வண்டி கருகிச் செத்துவிட்டது என்று தெரிந்ததும், நாசரின் ஒடிந்த கையைப் பிடித்து சீட்டிலிருந்து வெளியே இழுத்துத் தரையில் போட்டு, அந்தக் கையை மிதித்தான்.

"லாத்தா!" என்று ஒரு சத்தம்.

"ஏறு பீவி. அவன் வேண்டாம்னுட்டான். ஏறு" என்றேன் நான். கடவுள் சத்தியமாக அதைத்தான் சொன்னேன்.

அவள் என் சீட்டுக்கு அடியில் கையை விட்டு வீல் ஸ்பேனரை எடுத்தாள். நடந்து போனாள். ஓடக்கூட இல்லை. முதல் அடி மணிராஜின் முழங்காலில் விழுந்தது. அவன் மண்டியிட்டான். இரண்டாவது அடி தாடையில். பல்லும் ரத்தமுமாக ஏதோ துப்பினான், வாய் மூட மறுத்தது. குடோன் ஆட்கள் ஐந்தாறு பேர் நின்றார்கள், ஒருத்தனும் கிட்டே வரவில்லை. மூன்றாவது அடிக்கு ஓங்கினாள், அது விழுந்திருந்தால் அவன் இல்லை. அப்போது நாசர் தவழ்ந்து வந்து மணிராஜின் மேல் கவிழ்ந்து படுத்தான்.

"அடிக்காத லாத்தா. முதலாளிய அடிக்காத."

ஓங்கின கை அப்படியே நின்றது. பிறகு இரும்பைக் கீழே போட்டாள். போலீஸ் வருகிற வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நானும் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தினமும் யோசிக்கிறேன்.

பேட்டரியை அன்றைக்கே கொண்டுபோய் நாற்காலியில் மாட்டினேன். அவன் வந்தானா என்று சுந்தரேஸ்வரி கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கொலை முயற்சி என்று கேஸ். ஆட்டோ வரை போனவள் ஆயுதத்தோடு திரும்பி வந்தாள் என்று எழுதியிருக்கிறார்கள், அதில் பொய் இல்லை. முதல் சாட்சி அப்துல் நாசர். "எங்க லாத்தாதான் மொதல்ல அடிச்சா. முதலாளி என்னைய ஒண்ணும் செய்யல. வெரலு பேட்டரி வெடிச்சதுல ஒடிஞ்சது" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான். மணிராஜுக்குத் தாடையில் கம்பி வைத்திருக்கிறார்கள். கஞ்சியைக் குழாய் வைத்துக் குடிக்கிறானாம். நல்லா இருக்கட்டும். நாசர்தான் கூட இருந்து ஊற்றிக் கொடுக்கிறான். நானும் சாட்சி சொல்கிறேன் என்று போனேன். ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தவன்தானே என்று சிரித்தார்கள். அப்படியும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

போன வாரம் திருநெல்வேலி ஜெயிலில் அவளைப் பார்த்தேன். மெலிந்து போயிருந்தாள். சேலையில் ஓட்டை எதுவும் இல்லை. வக்கீலைப் பற்றிச் சொன்னேன், ஜாமீன் பற்றிச் சொன்னேன். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

"அவன் வெரலு கூடிருச்சா அண்ணாச்சி?"

"ரெண்டு கூடிருச்சு. நடுவெரலு மட்டும் கோணலா நிக்கி."

கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள். பிறகு, "நானும் அவன அடிச்சேன். ஆனா என் கையால ஒரு எலும்பு ஒடைஞ்சதில்ல. நீங்க பக்கத்துக் கடைல இருந்து எல்லாம் பாத்தவிய. இல்லதான அண்ணாச்சி?" என்றாள்.

அப்போது நாசருக்கு ஒன்பது வயது. ஸ்கூல் லீவு நாள். கடைக்குப் பின்னால், அவளிடம் அடி வாங்கின தோளைப் பிடித்துக்கொண்டு, அழாமல் நின்றான். நான்தான் தூக்கிக்கொண்டு எலும்புக் கட்டுப் போடுகிறவரிடம் போனேன். தோள் எலும்பு இரண்டாக ஒடிந்திருந்தது. லாத்தாகிட்டச் சொல்லாதீங்க மாமா, அழுவா, மரத்துலேருந்து விழுந்தேன்னு சொல்லுங்க என்றான். நான் அப்படியே சொன்னேன். அவளும் நம்பி, மரத்தில் ஏறினதற்காக இன்னும் இரண்டு போட்டாள்.

"இல்ல பீவி" என்றேன்.